புகைபோக்கிச் சிறுவர்

வீடு கட்டுவோர் கண்ணுக்குத் தெரியும் பகுதிகளைப் பற்றியே பெரிதும் எண்ணமிடுவர். வாயில் எத்திசையை நோக்கவேண்டும், யன்னல்கள் எத்தனை வேண்டும், முற்றம் எவ்வளவு அகன்றிருக்கவேண்டும் என்பன பல நாள் ஆராயப்படும். ஆயின் ஒரு வீடு மூச்சு விடுவது சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் மறைந்து கிடக்கும் வழிகளினாலேயே. புகை வெளியேறுவதும் நல்ல காற்று உட்புகுவதும் அவ்வழிகளிலேதான். அவற்றிலே நாளடைவில் அழுக்குப் படியும். அதனை அகற்றுபவர் யார்? அவர் எவ்வழியாக உள்ளே புகுவார்? இந்த இரு கேள்விகளையும் கட்டும்பொழுதே கேட்க மறந்த நாடொன்று உண்டு. அம்மறதிக்குரிய விலையைக் கொடுத்தவர்கள் ஏழைச் சிறுவர்கள். அந்நாடு இங்கிலாந்து.

நமது நாட்டு வீடுகளிலே அடுப்படி பெரும்பாலும் ஒரு புறமாக இருக்கும். அங்கெழும் புகை ஓட்டின் இடுக்குகளாலும் கூரையிற் குறுகிய வழியொன்றாலும் வெளியேறிவிடும். குளிர்காய்வதற்கென்று அறைதோறும் தீ வளர்க்கவேண்டிய தேவை நமக்கு இல்லை. நுவரெலியா போன்ற மலைநாட்டு ஊர்களிலுள்ள பழைய பங்களாக்களைக் கண்டவர்கள், சுவரோடு சேர்ந்த தீக்குழியையும் அதற்கு மேலே கூரையைக் கடந்து நிற்கும் செங்கற் புகைபோக்கியையும் பார்த்திருப்பர். ஆங்கிலேயர் தம் நாட்டு வழக்கத்தை இங்கே கொண்டுவந்து அமைத்தவை அவை. அவர்களின் தாய்நாட்டிலே அத்தகைய தீக்குழி ஓர் ஆடம்பரமன்று. குளிர்காலத்தில் உயிர்காக்கும் சாதனம்.

பழங்காலத்து இங்கிலாந்தில் விறகே எரிபொருள். விறகு எரித்த மாளிகைகளின் புகைபோக்கிகள் அகன்று நேராக நின்றன. பின்னர் விறகு அருகி நிலக்கரி பெருகியது. நிலக்கரிப் புகையை விரைவாக மேலிழுப்பதற்கு ஒடுங்கிய குழாயே ஏற்றதெனக் கண்டனர். 1666ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்தது. அதன்பின் செங்கல்லாலும் கல்லாலும் மாடிவீடுகள் எழுந்தன. அறைதோறும் ஒரு தீக்குழி. தீக்குழிதோறும் ஒரு குழாய். கீழ்மாடிக் குழாய் மேல்மாடி அறைகளைச் சுற்றி வளைந்து, சில இடங்களில் கிடையாகவும் சென்று, மற்றைக் குழாய்களோடு ஒரே கோபுரத்திற் கூடிக் கூரைக்கு மேல் எழும். அக்குழாய்களின் வழக்கமான அளவு 14 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் ஆகும். ஒன்பது அங்குலமென்பது நம்மவர் கணக்கில் அரை முழம். அதனினும் ஒடுங்கிய குழாய்களும் இருந்தன.

நிலக்கரி எரியும்போது எழும் கரித்தூள் குழாயின் உட்சுவரிலே தடித்துப் படியும். அதனை அகற்றாவிடின் இரு தீமைகள் விளையும். வழி அடைபட்டுப் புகையும் நச்சுக்காற்றும் அறைக்குள்ளே திரும்பும். அன்றியும் படிந்த கரி ஒருநாள் தானே தீப்பற்றி வீட்டையே எரிக்கும். ஆதலின் ஆண்டுக்குப் பல தடவை குழாய்களைத் துடைத்தேயாகவேண்டும். அகன்ற குழாயிலே வளர்ந்த மனிதன் ஏறலாம். அரை முழக் குழாயில் யார் ஏறுவது? குழந்தைதான் ஏறலாம் என்பதே அக்காலத்தவர் கண்ட விடை.

புகைபோக்கி துடைக்கும் எசமானர்கள் ஏழைப் பெற்றோருக்குச் சிறுதொகை கொடுத்தோ, அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஊர்ச்சபைகளிடமிருந்து பெற்றோ சிறுவர்களைத் தொழில் பழகுவோராகச் சேர்த்துக்கொண்டனர். ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் மட்டுமன்றி, நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். உடல் சிறுத்திருப்பதே தொழிலுக்குத் தகுதியாயிற்று. வயிறார உண்டால் பிள்ளை பருத்துவிடுவான் என்று உணவைக் குறைத்த எசமானரும் உண்டு.

சிறுவன் விடியுமுன்னரே எழுந்து, வீட்டார் தீ மூட்டுவதற்கு முன் வேலையைத் தொடங்கவேண்டும். குல்லாயை முகத்தின் மேல் இழுத்து மூடிக்கொள்வான். ஒரு கையிலே துடைப்பமும் சுரண்டியும்; அக்கையைத் தலைக்குமேல் நீட்டியிருப்பான். மற்றக் கை உடலோடு ஒட்டியிருக்கும். முழந்தாளையும் முதுகையும் முழங்கையையும் சுவரில் ஊன்றிக் கம்பளிப்புழு நகர்வதுபோல் இருளிலே மேலே மேலே நகர்வான். சுரண்டிய கரி அவன் தலைமேலேயே விழும். தொடக்கத்தில் முழந்தாளும் முழங்கையும் தோலுரிந்து குருதி வடியும். அவ்விடங்கள் காய்த்துப்போவதற்காக உப்புநீரைத் தேய்த்துத் தீயருகே நிறுத்தினர். பிள்ளை ஏற அஞ்சினால், கீழே வைக்கோலைக் கொளுத்தி வெப்பத்தால் மேலே துரத்தியதும் நடந்தது.

வளைவிலே கால் தவறினால் முழந்தாள் மோவாயோடு மடிந்து இறுகிவிடும். பின்னர் மேலேறவும் இயலாது, கீழிறங்கவும் இயலாது. கரி சரிந்து மூக்கையும் வாயையும் அடைத்துவிடும். மற்றொரு சிறுவனைக் கயிற்றோடு அனுப்புவர். அதுவும் பயன்படாவிடில் சுவரை இடிப்பர். இடிப்பதற்குள் உயிர் பிரிந்த பிள்ளைகள் பலர். தப்பி இறங்கிய பிள்ளைகள் இரவில் தாம் சேர்த்த கரிச்சாக்கின் மேலேயே படுத்துறங்கினர். அக்கரியோ உழவர்க்கு உரமாக விலைபோயிற்று. கரிக்கு விலையிருந்தது, அதைச் சுமந்த பிள்ளைக்கு விலையில்லை. ஆண்டில் மே மாதம் முதலாம் நாள் ஒன்றே அவர்களுக்குத் திருநாள். அன்று இலண்டனிலே எலிசபெத் மொன்டேகு என்னும் செல்வச் சீமாட்டி தமது மாளிகையில் அவர்களுக்கு விருந்தளித்துவந்தார். மறுநாள் அவர்கள் மீண்டும் குழாய்க்குள் சென்றனர்.

இவர்களின் துன்பத்தை அறிவியல் நோக்கோடு முதலிற் கண்டவர் ஒரு சத்திரவைத்தியர். இலண்டன் புனித பார்த்தொலொமேயு வைத்தியசாலையைச் சேர்ந்த பேர்சிவல் பொட் என்பவர், புகைபோக்கி துடைப்போரின் மறைவிடத்திலே தோன்றும் புண்ணொன்றை ஆராய்ந்து 1775ஆம் ஆண்டில் எழுதினார். அதுவரை அது மேகநோய் என்றே தவறாகக் கருதப்பட்டது. அது புற்றுநோய் என்றும், தோல் மடிப்புகளில் தங்கிய கரியே அதன் காரணமென்றும் அவர் காட்டினார். குழந்தைப் பருவத்தில் ஒட்டிய கரி, வளர்ந்தபின் நோயாக முளைத்தது. ஒருவர் செய்யும் தொழிலே புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்பதை உலகம் அறிந்தது இவ்வாராய்ச்சியினாலேயே. பின்னர், 1915ஆம் ஆண்டில் யமகிவா, இச்சிக்காவா என்னும் ஜப்பானிய அறிஞர் இருவர் முயலின் காதிலே நிலக்கரித் தாரைத் தொடர்ந்து பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டியபொழுது, பொட் கண்ட உண்மை சோதனையாலும் உறுதிப்பட்டது.

அறிஞர் உண்மையைக் கூறினர். அருளுடையோர் சட்டத்தை நாடினர். ஜோனாஸ் ஹன்வே என்னும் வணிகர் பல்லாண்டு இச்சிறுவர்களுக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். அவர் 1786இல் இறந்தார். ஈராண்டு கழித்து, 1788இல், முதற் சட்டம் பிறந்தது. எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்கலாகாது. ஓர் எசமானிடம் ஆறு பேருக்கு மேல் இருக்கலாகாது என அது விதித்தது. ஆயினும் அச்சட்டத்தின் உயிர்நாடியைப் பிரபுக்கள் சபை முன்னரே அறுத்துவிட்டது. எசமானர்கள் அனுமதிப்பத்திரம் பெற்றே தொழில் செய்யவேண்டும் என மசோதாவில் இருந்த விதியை அச்சபை நீக்கிவிட்டது. மேலும், பிறப்பைப் பதிவு செய்யும் அரசாங்க முறை இங்கிலாந்தில் 1837ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. ஒரு பிள்ளைக்கு வயது எட்டா ஐந்தா என்பதை யார் காட்டுவது? எசமான் சொன்னதே கணக்காயிற்று.

அருளுரையாற் பயனில்லை, மாற்றுவழி ஒன்றைக் காட்டவேண்டும் என்று சிலர் உணர்ந்தனர். 1803ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சங்கம் கூடிற்று. சிறுவரை ஏற்றாமலே புகைபோக்கியைத் துடைக்கும் கருவியைக் கண்டுபிடிப்போருக்கு அது பரிசளிக்க முன்வந்தது. ஜோர்ஜ் ஸ்மார்ட் என்பவர் ஒரு கருவி செய்தார். உள்ளே கயிறு ஓடும் பொள்ளலான கழிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி மேலே தள்ளினால், நுனியிலுள்ள துடைப்பம் கரியை வழித்துக்கொண்டு போகும். 1828ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து ஜோசப் கிளாஸ் அதனைத் திருத்தியமைத்தார். அவர் வகுத்த முறையிலே வளைந்து கொடுக்கும் கீழைத்தேசப் பிரம்புகள் கழிகளாயின. இன்றும் புகைபோக்கி துடைப்போர் கையாள்வது அதன் வழிவந்த கருவியே.

கருவி வந்தபின்னும் சிறுவர் ஏறியது ஏன்? இங்கேதான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. பெரும்பாலான குழாய்களைக் கருவியாலே செவ்வனே துடைக்கலாம் என்பது சோதனைகளில் விளங்கிற்று. எஞ்சியவை கிடையாகச் செல்வனவும் கூர்மையாக முறிந்து திரும்புவனவுமான குழாய்கள். அவை மிகுதியாக இருந்தவை செல்வர் மாளிகைகளிலேயே. அவற்றைத் திருத்தவேண்டுமாயின் சுவரை உடைத்துத் திருப்பங்களிலே கதவு வைக்கவேண்டும். அழகிய சுவரை உடைப்பதற்குப் பணம் வேண்டும். சில நாள் தூசியும் தொல்லையும் பொறுக்கவேண்டும். பிள்ளையை ஏற்றுவதற்கோ சில காசுகள் போதும்.

இது தவிர்க்கமுடியாத கொடுமையன்று என்பதற்கு அயலிலேயே சான்று இருந்தது. ஸ்கொத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் வளர்ந்த மனிதர் கூரைமேல் நின்று, பளுவான குண்டும் துடைப்பமும் கட்டிய கயிற்றைக் குழாய்க்குள் இறக்கித் துடைத்தனர். ஒரே அரசின்கீழ், ஒரே நிலக்கரியை எரித்த இரு நகரங்கள்; ஒன்றிலே கயிறு இறங்கியது, மற்றொன்றிலே குழந்தை ஏறியது.

1817ஆம் ஆண்டிலே பொதுமக்கள் சபை ஒரு குழுவை அமைத்துச் சாட்சியங்களைக் கேட்டது. எசமானர்களே வந்து தம் தொழிலின் கொடுமைகளை ஒப்புக்கொண்டனர். குழு இவ்வழக்கத்தைத் தடைசெய்யவேண்டுமென்று கூறிற்று. தொடர்ந்து வந்த மசோதாவைப் பிரபுக்கள் சபை 1819இல் தள்ளிவிட்டது. சிறுவர் ஏறாவிடில் வீடுகள் தீப்பற்றும் என்பதே மறுத்தோரின் வாதம். வீட்டைக் காப்பது கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்கடமையின் பாரத்தை வீட்டுக்குரியவர் சுமக்காமல், அவ்வீட்டில் ஒருநாளும் குளிர்காயாத பிள்ளையின் தோள்மேல் வைத்ததே அநீதி.

1834இல் ஒரு சட்டமும் 1840இல் மற்றொரு சட்டமும் வந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டம், இருபத்தொரு வயதுக்குக் குறைந்த எவரும் புகைபோக்கிக்குள் ஏறலாகாது என்று விதித்தது. அதனோடு, பலர் கருத்திற்கொள்ளாத மற்றொரு விதியையும் அது கூறிற்று. இனிக் கட்டப்படும் குழாய்கள் கூர்மையாகத் திரும்பலாகாது. அவ்வாறு திரும்பவேண்டி நேர்ந்தால் அங்கே ஆறு அங்குலச் சதுரத்துக்குக் குறையாத கதவொன்று இருத்தல்வேண்டும். சிறுவனை விலக்குவது போதாது, துடைப்பம் புகும் வழியையும் சுவரிலே வைக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியோர் உணர்ந்தனர். குழந்தை நுழைந்த இடத்திலே கதவு நுழையவேண்டும் என்பதே அவ்விதியின் பொருள்.

ஆயினும் பழைய வீடுகளுக்கு அவ்விதி செல்லவில்லை. சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பும் எவரிடமும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. இலண்டனிலே ஓரளவு சட்டம் மதிக்கப்பட்டது. மற்றை ஊர்களிலோ, வழக்கை விசாரிக்கும் நீதவானின் மாளிகைப் புகைபோக்கியிலேயே சிறுவன் ஏறிக்கொண்டிருந்தான். குற்றஞ்சாட்டவேண்டியவரும் சாட்சி சொல்லவேண்டியவரும் தீர்ப்பளிக்கவேண்டியவரும் அக்குற்றத்தின் பயனை நுகர்ந்தால் நீதி எங்கிருந்து வரும்? கருவி வைத்திருந்த நேர்மையான எசமானர்கள் வேலையிழந்தனர். பிள்ளையைக் கொண்டுவா என்று கேட்ட வீட்டார்க்குப் பிள்ளையைக் கொண்டுவந்தவன் பிழைத்தான்.

இச்சிறுவர்களுக்காகப் பாராளுமன்றத்திலே இடைவிடாது வாதாடியவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வாடிய பிள்ளைகளுக்காக உழைத்தவரும் அவரே. 1863இல் ஓர் ஆணைக்குழு, தடைசெய்யப்பட்ட இத்தொழில் பல ஊர்களில் முன்னிலும் பெருகியிருப்பதை வெளிப்படுத்திற்று. அவ்வாண்டிலேயே சாள்ஸ் கிங்ஸ்லி என்பவர் புகைபோக்கிச் சிறுவன் ஒருவனைத் தலைவனாக்கி எழுதிய கதைநூல் வெளிவந்து மக்கள் மனத்தை உருக்கிற்று. 1864இல் மேலும் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தண்டனை கூடிற்று, கண்காணிப்பு மட்டும் கூடவில்லை.

1875ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கேம்பிரிஜ் நகருக்கு அருகேயுள்ள புல்போர்ன் என்னும் இடத்திலே, மனநோயாளர் வைத்தியசாலை ஒன்றின் புகைபோக்கிக்குள் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் அனுப்பப்பட்டான். அவன் பன்னிரண்டு வயதைத் தாண்டாதவன். உள்ளே அவன் சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து அவனை வெளியே எடுத்தனர். அப்பொழுது உயிர் இருந்தது. சிறிது நேரத்தில் அதுவும் பிரிந்தது. நோயைத் தீர்ப்பதற்கென்று எழுந்த கட்டடம் ஒரு பிள்ளையைப் பலிகொண்டது. அவனை அனுப்பிய எசமான் கொலைக் குற்றத்துக்கு ஒப்பான குற்றத்துக்காக ஆறு மாதக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றான்.

இச்செய்தியைக் கையிலேந்திக்கொண்டு ஷாப்ட்ஸ்பரி பிரபு மீண்டும் எழுந்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து மூன்று. அவ்வாண்டே நிறைவேறிய சட்டம், புகைபோக்கி துடைக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் எனவும், முந்திய சட்டங்கள் மீறப்படாமற் காப்பது பொலிசாரின் கடமை எனவும் விதித்தது. சட்டத்தை மீறியவன் தொழிலையே இழப்பான். அதன்பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது. 1788இல் பிரபுக்கள் சபை நீக்கிய அதே அனுமதிப்பத்திரத்தை 1875இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட எண்பத்தேழு ஆண்டுகளில் சுவருக்குள்ளே மடிந்த பிள்ளைகளின் பெயர்களுட் பெரும்பாலானவற்றை வரலாறு அறியாது.

சிறுவர் ஏறுவது நின்றபின் இலண்டன் மாநகர் எரிந்துவிடவில்லை. பிரபுக்கள் அஞ்சிய கேடு எதுவும் நேரவில்லை. துடைப்பம் ஏறிற்று, கரி இறங்கிற்று. முடியாது என்று நூறாண்டு சொல்லப்பட்ட காரியம், முடித்தேயாகவேண்டும் என்ற நிலை வந்ததும் எளிதாக முடிந்தது.

காலம் மாறிற்று. 1952ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இலண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபின், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுத் தீக்குழிகள் படிப்படியாக அவிந்தன. ஆனால் சுவருக்குள் மறைந்த வழிகள் மறையவில்லை. இன்றைய வைத்தியசாலைகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் தகரக் குழாய்கள் கூரைத்தட்டுக்கு மேலே ஓடிக் காற்றைக் கொண்டுவருகின்றன. அவற்றிலே கரிக்குப் பதிலாகத் தூசியும், ஈரம் தங்கினால் பூஞ்சணமும் படிகின்றன. பெரிய சமையற்கூடங்களின் புகைக்குழாய்களில் எண்ணெய்ப்பசை படிகிறது; அது தீப்பற்றினால் பழைய கரித்தீயைப் போலவே கட்டடம் முழுவதும் பரவும். அவற்றைத் துடைப்போர் கையாளும் நீண்ட தண்டும் சுழலும் துடைப்பமும், ஸ்மார்ட்டும் கிளாசும் செய்த கருவிகளின் பேரப்பிள்ளைகளே. அக்குழாய்கள் திரும்பும் இடங்களிலே திறந்து துடைப்பதற்குக் கதவு இருத்தல்வேண்டும் எனப் பல நாடுகளின் கட்டட விதிகள் கூறுகின்றன. 1840இல் எழுதப்பட்ட ஆறு அங்குலக் கதவின் நினைவு அவ்விதிகளிலே வாழ்கிறது.

அக்கதவை வீண்செலவென்று எண்ணிக் கட்டுவோர் விட்டுவிடுதல் இன்றும் உண்டு. கட்டி முடித்தபின் அது கண்ணுக்கு அழகு தருவதில்லை. வீட்டின் விலையைக் கூட்டுவதுமில்லை. ஆயினும் அக்கதவு இல்லாத கட்டடத்திலே யாரோ ஒருவர் தம் உடலை ஒடுக்கி இருளுக்குள் புகவேண்டியிருக்கும். அல்லது அழுக்கு அங்கேயே தங்கி, உள்ளே வாழ்வோரின் மூச்சோடு கலக்கும். ஒரு கட்டடத்தின் சிறப்பை அதன் முகப்பைக் கொண்டு மதிப்பது வழக்கம். அதனைத் துப்புரவு செய்ய வருபவர் நிமிர்ந்து நின்று வேலைசெய்ய அங்கே இடமுண்டா என்று பார்ப்பதே அதனினும் நல்ல அளவுகோல். புல்போர்ன் சுவரை ஒரு பிள்ளை இறக்கும் தறுவாயில் இடித்தார்கள். கட்டும்பொழுதே அங்கு ஒரு கதவு வைத்திருந்தால் துடைப்பமே போதுமாயிருந்திருக்கும்.